மணலை மீன் சேறு தின்னுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் வீடு முழுக்க மீன் வாசம். சென்ற இதழில் கருவாடு பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, "களப்பு மீன்களில் எனக்குப் பிடித்தது மணலை" என்று சும்மா ஒரு வரி போட்டுவிட்டேன். அதுதான் வினை. மணலை பற்றியே ஆறு கடிதம். கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போவதைப் பற்றிக் கேட்டவரும், இடி விழுந்த மரத்தைப் பற்றிக் கேட்டவரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்க மீன்தான்.

"டீச்சர், போன சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் ஒரு கிலோ மணலை வாங்கினேன். வயிற்றைக் கீறினால் உள்ளே கன்னங்கரேல் என்று இருக்கிறது. குடலை இழுத்தால் கறுப்புச் சேறு வழிகிறது. நடுவில் கோழிக்கு இருக்கிறமாதிரி ஒரு கெட்டி உருண்டை வேறு. 'சாக்கடை மீனடி இது, நாய்க்குப் போடு' என்கிறார் மாமியார். நாங்கள் ஏமாந்துவிட்டோமா?"
(பொகவந்தலாவ வாசகி)

ஏமாறவில்லை, தங்கச்சி. மாமியாரையும் குற்றம் சொல்லமாட்டேன். முதல் தடவை நானும் அதையேதான் சொன்னேன்.

நான் பிறந்ததும் உங்கள் பொகவந்தலாவைப் பக்கத்து லயம் ஒன்றில்தான். எங்கள் காம்பராவுக்கு மீன் என்று வந்தது நெத்தலிக் கருவாடும் டின் மீனும். பச்சை மீன் தீபாவளிக்கு வந்தால் உண்டு. அப்படி வளர்ந்தவள் ஆசிரியர் பயிற்சிக்காக மட்டக்களப்புக்குப் போய், கல்லடியில் களப்போரமாக ஒரு வீட்டில் தங்கினேன். மூன்றாம் நாள் வீட்டுக்கார அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து மணலை வெட்டிக்கொண்டிருந்தார். வயிற்றைத் திறந்ததும் உள்ளே அடுப்புக்கரி பூசினமாதிரிக் கறுப்பு. "ஐயோ அக்கா, இது அழுகிப்போச்சு" என்று கத்திவிட்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அக்காவின் அப்பாவை ஊரே அப்பு என்றுதான் கூப்பிடும். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "நாளைக்கு விடிய என்னோட வா புள்ள, அது எப்பிடித் தின்னுது எண்டு காட்டுறன்" என்றார்.

மட்டக்களப்புக் களப்பு வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதில் ஒரு மூலைதான் எங்கள் கல்லடிப் பக்கம். அப்பு தோணியைக் கண்டல் மர வேர்களுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நிறுத்தினார். முழங்கால் அளவுத் தண்ணீர். அடியில் சேற்றின் மேல் மெல்லிய பழுப்புப் படலம், ஆறின பாலில் ஆடை படிந்தமாதிரி. பத்துப் பதினைந்து மணலைகள் வந்தன. வாலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, உதட்டால் அந்த ஆடையை வாரும். ஒரு கவ்வு, கொஞ்சம் நகர்வு. வாய் மென்றுகொண்டே இருக்கும். செவுளுக்குப் பக்கத்திலிருந்து புகைமாதிரி மண் பறக்கும். சில நேரம் வாயாலும் துப்பும். அப்புறம் அடுத்த கவ்வு. அவை போன இடத்தில் சேற்றின் மேல் விரல் நுனியால் கீறினமாதிரித் தடம். "பாத்தியா, ஆடையத்தான் எடுக்குது, அடியக் கிண்டல்ல" என்றார் அப்பு.

பின்னாளில் விலங்கியல் புத்தகங்களில் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வரிக்கு எழுதின உரைதான். சேற்றின் மேல் படிகிற அந்த ஆடை வெறும் மண் அல்ல. அதில் டயற்றம் என்கிற, கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. கண்டல் இலையும் நீர்ப்புல்லும் உக்கிய தூள் இருக்கிறது. அந்தத் தூளைப் போர்த்திக்கொண்டு பக்ரீரியாக்கள், இடையில் குட்டிப் புழுக்கள். மணலைக்குச் சாப்பாடு இவைதான். மண் கூடவே வருகிறது, அவ்வளவுதான்.

வாயில் அள்ளியதை அப்படியே விழுங்குவதும் இல்லை. செவுளின் உட்பக்கத்தில் சீப்புப் பல் நெருக்கமாக வைத்ததுபோல முள் வரிசை இருக்கிறது. தொண்டையில் மெத்தைபோல ஒரு பகுதி. இரண்டும் சேர்ந்து சலிக்கின்றன. நம் வீட்டு அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கிறோமே, அரிசி தண்ணீரோடு வழிய, கல் சட்டியின் வரிகளில் தங்கிவிடும். மணலையின் வாயிலும் அதேமாதிரிப் பிரிப்புத்தான். பருமணல் வெளியே போகும், நொய்யும் சத்தும் உள்ளே போகும். அப்படியும் கொஞ்சம் மணல் உள்ளே போய்விடுகிறது. உங்கள் மீனுக்குள் கிடந்த கறுப்புச் சேறு அந்த மிச்சம்தான்.

உள்ளே போகிற மணலுக்கும் வேலை இருக்கிறது. நீங்கள் பார்த்த கெட்டி உருண்டை மீனின் இரைப்பையின் பின்பகுதி. தடித்த சதை. கோழியின் இரைப்பையைப் பிளந்தால் கல்லும் மண்ணும் கிடக்குமே, அதே ஏற்பாடு. மணலைக்குப் பல் என்று சொல்ல உதட்டோரம் மயிர்போலக் கொஞ்சம் இருக்கிறது, அதை வைத்து எதையும் அரைக்க முடியாது. ஆனால் டயற்றத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது, கிட்டத்தட்ட கண்ணாடி. அதை உடைத்தால்தான் உள்ளிருக்கும் சத்துக் கிடைக்கும். ஆகவே இரைப்பை இறுகி இறுகி, உள்ளே போன மண்ணையே ஆட்டுக்கல்லாக வைத்து அரைக்கிறது. அடுத்த முறை மீன் வெட்டும்போது அந்த உருண்டையைக் கழுவி, விரலுக்கு இடையில் வைத்து அமுக்கிப் பாருங்கள். ரப்பர்ப் பந்துபோல எதிர்த்து நிற்கும். பிளந்தால் நடுவில் நூல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை.

குடலும் அப்படித்தான். ஒருமுறை வகுப்பில் பிள்ளைகளை வைத்து அளந்தோம். ஒரு அடிக்குச் சற்றுக் குறைவான மணலை. அதன் குடலைச் சுருள் பிரித்து, தையற்கார நாடாவைப் பக்கத்தில் வைத்தால் ஒரு மீட்டரையும் தாண்டிப் போனது. ஒரு பையன் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று மறுபடி அளந்தான். அதே நீளம். அடுத்து ஒரு கொடுவாவைத் திறந்தோம். அது மற்ற மீன்களை விழுங்குகிற மீன். அதன் குடல் அந்த மீனின் நீளம்கூட இல்லை. மீனும் இறாலும் சீக்கிரம் செரித்துவிடும், பாசியும் உக்கலும் மெதுவாகத்தான் சத்தை விடும். குடல் நீளமானதற்குக் காரணம் அதுதான்.

வயிற்றுக்குள் கண்ட கறுப்பு அழுகல் இல்லை. அது வயிற்றின் உள் தோல், பிறவியிலேயே கறுப்பு. சேற்றால் வந்த கறை என்று நினைத்துத் தேய்த்தால் போகாது. கல்லுப்பை விரலில் எடுத்து உரித்தால் தாளாக உரிந்து வரும். உரித்துவிடுவது நல்லது, விட்டால் குழம்பு கசக்கும்.

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் மாமியார் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அடியில் படிந்ததைத் தின்கிற மீன் என்பதால், அடியில் என்ன படிகிறதோ அது மீனிலும் தெரியும். எண்ணெய்க் கழிவு கலக்கிற நீரில் வளர்ந்த மணலையின் சதையில் மண்ணெண்ணெய் வாடை ஏறிவிடும். அவுஸ்திரேலியாவில் இப்படி நடந்து அதை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். அப்படி வாடை வந்தால் யோசிக்காமல் வீசிவிடுங்கள். வெறும் சேற்று வாடைக்குப் பயப்பட வேண்டாம். அதற்கு மருந்து கீழே சொல்கிறேன்.

இன்னொன்று. நீர்கொழும்பிலோ பேலியகொடையிலோ ஏற்றிய மீன் இரவோடிரவாக மலையேறி, அங்கிருந்து ரெஜிபோம் பெட்டிக்குள் உட்கார்ந்து உங்கள் லயத்து வாசலுக்கு வர நேரம் பிடிக்கும். வயிறு நிறைய இரையோடு பிடிபட்ட மீனுக்கு வயிறுதான் முதலில் கரையும். வாங்கியதும் "பிறகு வெட்டலாம்" என்று வைக்காமல் குடலை எடுத்துவிடுங்கள். மற்ற மீனுக்குக் கண்ணைப் பார்த்து வாங்குவீர்கள். மணலையில் அது சரிவராது. அதன் கண்ணின் மேல் கண்ணாடிபோல ஒரு கொழுப்புப் படலம் இருப்பதால், புது மீனின் கண்கூடக் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், வயிற்றை அமுக்கிப் பாருங்கள். மீன்காரர் சிங்களத்தில் "கொடயா" என்று கூவினால் அதுவும் மணலைதான். வேறு மீன் என்று நினைக்க வேண்டாம்.

"மட்டக்களப்பில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன் டீச்சர். களப்பில் மணலை என் கண் முன்னாலேயே துள்ளித் துள்ளி விழுந்தது. மண்புழு, இறால் என்று மாற்றி மாற்றித் தூண்டில் போட்டேன். காலையிலிருந்து பின்னேரம் வரை ஒன்றுகூடக் கடிக்கவில்லை. சித்தப்பாவின் மகன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். நான் செய்த தவறு என்ன?"
(தலவாக்கலை வாசகர்)

தம்பி, சோற்றுக் கடைக்குப் போனவனிடம் வைக்கோலை நீட்டினால் சாப்பிடுவானா? மேலே எழுதியதைப் படித்திருப்பீர்கள். வளர்ந்த மணலைக்குப் புழு துரத்திப் பிடிக்கிற பழக்கம் இல்லை. உதட்டால் உறிஞ்சிச் சலித்துத் தின்கிற மீன், கொக்கியில் மாட்டின இறாலைப் பார்த்துப் பாய்வதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை. வாயும் சின்னது. நேரே முன்னாலிருந்து பார்த்தால் கூரை முகடுமாதிரி வளைந்த ஒரு கீறல். கீழ்த்தாடை நுனியில் ஒரு சின்ன முடிச்சு, அது மேல்தாடையின் பள்ளத்தில் போய்ப் பொருந்தும். பெரிய தூண்டில் முள் உள்ளே போவதே கஷ்டம்.

ஆனால் பிடிக்கவே முடியாது என்றில்லை. கல்லடியில் பையன்கள் பாண் வைத்துப் பிடிப்பார்கள். முதலில் பாண் தூளைத் தண்ணீரில் தூவிக்கொண்டே இருப்பார்கள். மணலைக் கூட்டம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த "சப் சப்" என்ற சத்தம் கரைக்கே கேட்கும். மேல்பரப்பில் மிதக்கிற பாசி நுரையையும் அது இப்படித்தான் உறிஞ்சும். அதனால் மிதக்கிற பாண் அதற்குப் புதிய வேலை இல்லை. கூட்டம் பழகினதும், பட்டாணி அளவு பாண் உருண்டையைச் சின்ன முள்ளில் குத்திப் போடுவார்கள். மிதவை மூழ்காது, இலேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்து இழுக்கத் தெரிய வேண்டும். எனக்கு இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் சரியாக வந்தது. அதையும் பூனை கொண்டுபோய்விட்டது.

தொழில் செய்கிறவர்கள் தூண்டிலை நம்பி இருப்பதில்லை. வலைதான். அப்பு வீச்சு வலை போடுவார். வலை வீசுமுன் தண்ணீரைப் பார்க்காமல் சேற்றைப் பார்ப்பார். தடம் புதிதாக இருந்தால் கூட்டம் பக்கத்தில் இருக்கிறது என்று கணக்கு.

துள்ளுவது உங்களைக் கேலி செய்ய அல்ல. கொடுவா துரத்தினால் துள்ளும், வலையைக் கண்டால் வலைக்கு மேலாகத் துள்ளும். எதுவும் துரத்தாமலும் துள்ளுகிறதே என்று கேட்பீர்கள். தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் துள்ளல் கூடுகிறது என்று கவனித்திருக்கிறார்கள். மேலே எகிறும்போது தொண்டைக்கு மேலுள்ள அறையில் காற்றை அடைத்துக்கொண்டு இறங்குகிறது என்பது அதற்கான ஒரு விளக்கம். சேற்றில் முகம் புதைத்து மேய்கிற மீனுக்கு அப்படி ஒரு வசதி தேவைதான். அடிச்சேற்றுப் பக்கம் ஒட்சிசன் பெரும்பாலும் குறைவு.

"வகுப்பில் உணவுச் சங்கிலி படிக்கிறோம். மணலையைத் தாவரவுண்ணி என்று எழுதினேன். என் தோழி அனைத்துமுண்ணி என்று எழுதினாள். யார் சரி?"
(நானுஓயா மாணவி)

மகள், எந்த வயது மணலை என்று கேள்வியில் இல்லையே! மணலை முட்டையிடுவது களப்பில் அல்ல, கடலில். முட்டை கடலில் மிதக்கும். பொரித்து வரும் குஞ்சு, தண்ணீரில் மிதக்கிற நுண்விலங்குகளைப் பிடித்துத் தின்று வளரும். அந்த வயதில் அது சுத்த அசைவம். ஒரு அங்குலம் அளவு வந்ததும் முகத்துவாரம் வழியாகக் கூட்டம் கூட்டமாகக் களப்புக்குள் ஏறும். அங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்று ஆடைக்கு மாறும். இரண்டு அங்குலம் தாண்டும்போது ஏறக்குறையப் பெரியவர்களின் சாப்பாடுதான். சாப்பாடு மாற மாறக் குடலும் நீளும். தவளையின் வாற்பேத்தை பாசி தின்னும்போது நீளக் குடலோடு இருந்து, தவளையாகிப் பூச்சி பிடிக்கத் தொடங்கும்போது குடல் குறுகும் என்று படித்திருப்பாய். மணலை அதைத் தலைகீழாகச் செய்கிறது.

வளர்ந்த மீன் பாசி தின்கிறது, அதனால் நீ சொன்னது பாதி சரி. புழுவும் நுண்விலங்கும் சேர்ந்தே உள்ளே போகின்றன, அதனால் தோழியும் பாதி சரி. ஆனால் இரண்டு பேரும் விட்டது உக்கலை. கண்டல் இலை விழுகிறது. அதை அப்படியே தின்ன அதிகம் பேர் இல்லை. பக்ரீரியாவும் பூஞ்சணமும் ஏறி உக்க வைத்த பிறகு மணலைக்கு அது விருந்து. அந்த மணலையைக் கொடுவாவும் நீர்க்காகமும் நாமும் தின்கிறோம். இலையிலிருந்து சோற்றுத் தட்டுக்கு இவ்வளவு குறுக்கு வழி வேறு மீனில் கிடைப்பது அரிது. நாம் சுறாவைச் சாப்பிட்டால் இடையில் எத்தனை பேர் சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று நீயே சங்கிலி போட்டுப் பார். பரீட்சைத் தாளில் என்ன எழுதுவது என்றால், "பாசியையும் உக்கலையும் உண்பது" என்று விளக்கத்தோடு எழுது. உங்கள் ஆசிரியர் வேறு சொல்லைப் படிப்பித்திருந்தால் அதையே எழுது. புள்ளியைக் கொடுப்பது நான் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீர்கொழும்புக் களப்புக்கு உங்கள் பாடசாலை சுற்றுலா போனால் கவனி. கண்டல் கிளைகளை வெட்டி, தண்ணீருக்குள் நெருக்கமாகக் குத்தி வைத்திருப்பார்கள். சிங்களத்தில் "மஸ் அத்து" என்பார்கள். கிளைகளில் பாசி படர்ந்ததும் மீன்கள் மேய்வதற்கும் ஒளிவதற்கும் வந்து சேரும். சில வாரம் விட்டு, சுற்றி வலை வளைத்துப் பிடிப்பார்கள். தீனி போடாமல், தீனி முளைக்க இடம் மட்டும் கொடுத்து மீன் பிடிக்கிற வித்தை.

"மணலைக் குழம்பு வைத்தால் மண் வாடை அடிக்கிறது. என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டார். என்ன செய்வது?"
(பண்டாரவளை வாசகி)

நல்ல வெயிலுக்குப் பிறகு தேயிலை மலையில் முதல் மழை விழும்போது ஒரு மண் வாசனை கிளம்புமே, நாம் எல்லோரும் மூக்கை நிமிர்த்தி இழுப்போமே, உங்கள் கணவர் தட்டைத் தள்ளியது அந்த வாசனைக்காகத்தான். இரண்டிலும் இருப்பது ஜியோஸ்மின் என்ற ஒரே பொருள். மண்ணிலும் சேற்றிலும் உள்ள சில பக்ரீரியாக்களும் நீலப்பச்சைப் பாசிகளும் அதை உண்டாக்குகின்றன. மழையில் வந்தால் கவிதை, குழம்பில் வந்தால் சண்டை.

அந்தப் பொருள் கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும், புளிப்புக்கு உடையும். இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும். வயிற்றோரத்துக் கொழுப்பையும் கறுப்புத் தோலையும் எடுத்துவிடுங்கள். தோலுக்குக் கீழே பக்கவாட்டில் போகிற கருஞ்சதையையும் விரும்பினால் வெட்டி எறியலாம். துண்டுகளை உப்பும் கெட்டிப் புளிக் கரைசலும் பிசறி அரை மணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். தேசிக்காய்ச் சாறும் சரி. கொறுக்காய்ப் புளி கிடைத்தால் இன்னும் நல்லது. அதன்பிறகு குழம்புக்கு வேறு புளி.

கல்லடி அக்கா வேறு மாதிரி. மணலையைத் தேங்காய்ப்பால் ஆணமாக ஒருபோதும் வைக்கமாட்டார். பால் அந்த வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பார். அவர் வைப்பது புளி தூக்கலாக, வெந்தயமும் உள்ளியும் தாளித்த தண்ணிக் குழம்பு, மேலே ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. அதை இரவு வைத்து, மறுநாள் காலையில் புட்டுக்கு ஊற்றுவார். என் மூக்கும் மலைநாட்டு மூக்குத்தான், ஆனாலும் அந்தக் குழம்பில் மண் வாடையை ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. சினை உள்ள மீன் கிடைத்தால் சினையைக் குழம்பில் போட்டு வீணாக்காதீர்கள். மஞ்சளும் உப்பும் தடவி மெதுவான நெருப்பில் பொரித்தால், தட்டைத் தள்ளினவர் தானாக அடுப்படிக்கு வருவார்.

"மவுசாகலை நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடிக்கிறார்கள். மணலைக் குஞ்சைக் கொண்டுவந்து விட்டால் என்ன? அதற்குத் தீனிச் செலவே இல்லை என்கிறார்களே?"
(மஸ்கெலியா வாசகர்)

ஐயா, யோசனை மோசமில்லை. மணலை உப்புத் தண்ணீர், சவர்த் தண்ணீர், நல்ல தண்ணீர் மூன்றிலும் உயிர் வாழும். ஆனால் நல்ல தண்ணீரில் குஞ்சு பொரிக்காது. முட்டையிட வேண்டுமானால் அது கடலுக்குத் திரும்ப வேண்டும். மவுசாகலையிலிருந்து கடலுக்கு அது எந்த வழியாகப் போகும்? அணைகளைத் தாண்டி இறங்கினாலும், மறுபடி மேலே ஏறி வர வழியில்லை. ஒவ்வொரு முறையும் கடலோரத்தில் குஞ்சு பிடித்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்கி, மலைக்கு ஏற்ற வேண்டும். தாய்வான் போன்ற இடங்களில் ஓமோன் ஊசி போட்டுக் குஞ்சு எடுக்கிறார்கள், ஆனால் அது பொரிப்பகத்து வேலை. நம் கரையோரத்து வாளி வேலை இல்லை.

தீனிச் செலவு இல்லை என்பதும் களப்பில்தான் உண்மை. அங்கே ஆழமில்லாத சூடான தண்ணீர், வெயில் அடிவரை இறங்குகிறது, சேற்றின் மேல் ஆடை தினம் தினம் படிகிறது. மவுசாகலை ஆழம், தண்ணீர் குளிர். நீர்மட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வறண்டால் பழைய மஸ்கெலியாக் கோயில் தலை காட்டுகிற அளவுக்கு இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கரையோரச் சேறு இன்று தண்ணீருக்குள், அடுத்த மாதம் வெயிலில். அதில் மேய்ச்சல் எங்கே நிலைக்கும்? 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியா, பாசியும் உக்கலும் தின்றுகொண்டு, நல்ல தண்ணீரிலேயே குஞ்சும் பொரிக்கிறது. மட்டக்களப்பில் அதை யப்பான் மீன் என்பார்கள். உங்கள் நீர்த்தேக்கத்தில் மணலையின் வேலையை அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அதைப் பிடிக்கிறவர்களிடம் குடலை ஒருமுறை பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் மீனைவிடப் பல மடங்கு நீளம்தான்.

"மட்டக்களப்பில் மீன் பாடுமாமே, பாடுவது மணலையா?"
(கொட்டகலை வாசகி)

பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். நானும் கேட்டேன். வீணைக் கம்பியை யாரோ தூரத்தில் ஈர விரலால் தடவினமாதிரி ஒரு ஒலி, விட்டு விட்டு. ஊரில் பலர் ஊரிதான் பாடுகிறது என்று சொல்வார்கள். சேற்றில் கிடக்கிற ஒரு நத்தை வகை. "மணலையா அப்பு?" என்று கேட்டேன். அவர் சுருட்டைத் தண்ணீரில் நனையாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாய் நிறைய மண்ணோட அது எங்க புள்ள பாடுறது?"